இரண்டாம் மதிப்பாய்வாளருக்கு

பெயர் தெரியாத ஐயா, அல்லது அம்மா,
கட்டுரையைப் பொறுமையாகப் படித்ததற்கு நன்றி.
இந்த வரியை எல்லோரும் எழுதுவார்கள்.
நான் இரவு ஒன்றரை மணிக்கு எழுதுகிறேன்,
உலான்பாத்தரில், அவசரப் பிரிவின் உடைமாற்றும் அறையில்,
முழங்கால்மேல் மடிக்கணினி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.

‘குளிர்காலம்’ என்பதற்கு வரையறை கேட்டீர்கள்.
சேர்த்துவிட்டோம்:
அக்டோபர் பதினைந்து முதல் ஏப்ரல் பதினைந்து வரை.
ஆம்புலன்ஸ் ஓட்டும் ஹுயாக்கிடம் கேட்டுப் பார்த்தேன்,
டீசல் உறைகிற நாளிலிருந்து என்றார்.
மேற்கோள் பட்டியலில் அவரை எப்படிச் சேர்ப்பது?

ஆங்கிலம் தடுமாறுகிறது என்றதும் சரிதான்.
எங்கள் ஊரில் இதற்கு ஒரே சொல், உகார்.
அடுப்பிலிருந்து எழுந்து
ஆளை எழவிடாமல் செய்வது.
உங்களிடம் வரும்போது மூன்று சொல்லாகி,
பிறகு சுருங்கி இரண்டெழுத்தாகிவிட்டது.

நான்காவது கேள்வி.
இருநூற்றுப் பதினேழு பேரில் மூவருக்கு
வந்துசேர்ந்த நேரம் இல்லை.
அட்டவணை இரண்டில் அந்தக் கட்டங்கள் ஏன் காலி,
கவனக்குறைவா?

பிப்ரவரி ஒன்பது, அதிகாலை.
பயான்ஹோஷூ மேட்டில் ஒரே கம்பளிக் கூடாரம்.
தாயும் இரண்டு பையன்களும்,
ஒரே போர்வையில் சுருட்டி
பக்கத்து வீட்டுக்காரரின் லாரியில் வந்தார்கள்.
செவிலி தவாசூரென்
இடக்கையால் முகமூடியை அழுத்திப் பிடித்து
வலக்கையால் காற்றுப்பையைப் பிசைந்துகொண்டிருந்தாள்,
நாற்பது நிமிடம்.
பேனா காதில் செருகியிருந்தது.
மூன்றாவது கை இருந்திருந்தால்
நேரம் எழுதியிருப்பாள்.

ஊகித்து நிரப்பலாம்,
அதற்குப் புள்ளியியலில் முறை உண்டு என்கிறீர்கள்.
உண்டு. எனக்கும் தெரியும்.
ஆனால் பக்கத்துப் பத்தியைப் பாருங்கள்,
ஒரு கட்டம்கூடக் காலியில்லை.
விரல்நுனிக் கருவி மூவருக்கும் காட்டியது தொண்ணூற்றொன்பது.
நச்சுக்காற்று ஏறிய ரத்தத்தைக்
கருவி பிராணவாயு என்றே எண்ணும்,
சிவந்ததெல்லாம் அதற்கு நலம்.
இளையவனுக்குக் கடைசியாகக் காட்டியதும் தொண்ணூற்றொன்பதுதான்.
அவனுக்கு ஆறு வயது, பெயர் தெமூலென்;
கட்டுரையில் நூற்று நாற்பத்து மூன்று.
நூற்றுக்கு ஒன்றே குறைந்த பொய்யைப் பற்றி
நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை.
என் அட்டவணையில் பொய் சொல்லாதது
அந்தக் காலிக் கட்டம்.

மேலே உள்ளதை அனுப்பும்முன் அழித்துவிடுவேன்.
மரியாதையாக எழுது என்பார் பேராசிரியர் மூங்க்துயா.
உங்களுக்கு வந்துசேரப்போவது இது:
‘சிகிச்சைக்கு முன்னுரிமை தந்ததால் மூன்று பதிவுகள் முழுமையடையவில்லை.
ஆய்வின் வரம்புகளில் குறிப்பிட்டுள்ளோம்.’

ஐந்தாவதாக, இதில் புதிதாக என்ன என்று கேட்டீர்கள்.
ஒன்றுமில்லை. எல்லாம் பாடநூலில் இருக்கிறது,
பாடநூல் பூட்டிய அலமாரியில் இருக்கிறது.
வரைவின் மூன்றாம் பக்கத்தை மட்டும்
கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டிவைத்தோம்.
போன வாரம், சளி என்று வந்த ஒருத்தியிடம்
பயிற்சி மருத்துவன் எர்தெம்
கை ஈரத்தோடு திரும்பிக் கேட்டான்,
“வீட்டில் வேறு யாருக்காவது தலைவலியா?
நாய் காலையில் எழுந்ததா?”

நாய் எழுந்திருக்கவில்லை.

ஹுயாக் போய் நால்வரை ஏற்றிவந்தார்.
மாலையில் உப்புத் தேநீர் கேட்டார்கள்,
பால் குறைவு என்று குறை சொன்னார்கள்.
ஆய்வுக்காலம் முன்பே முடிந்துவிட்டதால்
இந்த நால்வர் எந்த அட்டவணையிலும் இல்லை.

ஆறாவது நியாயமான கேள்வி. படத்தைப் பெரிதாக்கிவிட்டோம்.

ஏழாவதற்கு

வாசலில் லாரி பின்னால் வருகிற சத்தம்.
தவாசூரென் ஓடுகிறாள்.
ஏழாவதை நாளை எழுதுகிறேன்.
மணி இரண்டு இருபது.
உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன்.